இந்த வருஷம் பெட்டி வேண்டாம், அக்கா

லுனாய் கிராமம், இலோய்லோ
அக்டோபர் 9

மிலான் நகரத்தில் உழைத்துக்கொண்டிருக்கும் என் மூத்த சகோதரி ரெமெடியோஸ் அவர்களுக்கு, தம்பி தியோடுலோ பணிவுடன் எழுதிக்கொள்வது. மாதாவின் அருளால் இங்கே எல்லாரும் சுகம், என் இடது முழங்கால் நீங்கலாக. நீயும் சுகமாக இருப்பாய் என்றும், நீ பார்த்துக்கொள்ளும் அந்த அம்மாள் மருந்தைத் துப்பாமல் விழுங்குகிறார் என்றும் நம்புகிறேன். என் வீட்டுக்காரி ஹெர்மி உன்னை விசாரித்தாள். நாயும் விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

ஞாயிறுதோறும் போனில் முகம் பார்த்துப் பேசுகிற நமக்குள் கடிதம் எதற்கு என்று நீ நினைப்பாய். போனில் ஹெர்மி என் தோள்மேல் தாடையை வைத்துக்கொண்டு எனக்குப் பதிலாக அவளே பேசிவிடுகிறாள். அவள் விட்டாலும் நீ விடுவதில்லை. நான் "அக்கா, ஒரு விஷயம்" என்று ஆரம்பித்ததுமே "பெட்டியில என்ன போடணும், சட்டுனு சொல்லு, பஸ் வந்துடுச்சு" என்கிறாய். சொல்ல வந்ததே, நீ வருஷாவருஷம் சாமான் நிரப்பி அனுப்புகிற அந்தப் பெட்டியைப் பற்றித்தான். ஒரே வரியில் சொன்னால் நீ அழுதுவிடுவாய். ஆகையால், முப்பத்தொரு வருஷம் ஊர் அலுவலகத்தில் பிறப்பையும் இறப்பையும் பதிந்த கையால் நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். முழுதும் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்.

பிப்ரவரி மாதம் ஒரு சனிக்கிழமை, ஊர்த் தலைவர் ரோகேலியோ கடற்கரையைச் சுத்தம் செய்யலாம் என்று எல்லாரையும் கூப்பிட்டார். ஓய்வு பெற்றவனுக்குச் சனிக்கிழமை ஏது, செவ்வாய்க்கிழமை ஏது? போனேன். முடிவில் கோழிக்கஞ்சி கிடைக்கும் என்றும் சொன்னார்கள். என்னை அலையாத்தி மரங்களுக்கு அடியில், கணுக்கால் புதைகிற சேற்றில் இறக்கிவிட்டுக் கையில் ஒரு சாக்கைக் கொடுத்தார்கள். முதல் குனிவிலேயே ஒரு ஷாம்பு பாக்கெட் வந்தது. சேற்றைத் துடைத்துப் பார்த்தால் அதன் மூலையில் ஊதா மையில் ஒரு சின்னச் சிலுவை. உனக்குத் தெரியுமோ என்னவோ, ஹெர்மி தன் பெட்டிக்கடைக்கு வருகிற ஒவ்வொரு பாக்கெட்டிலும் அப்படி ஒரு சிலுவை போட்டுத்தான் சரமாகத் தொங்கவிடுவாள், சரக்கு தேங்காமல் போகும் என்று. நான் அந்தப் பாக்கெட்டைச் சட்டைப் பையில் போட்டேன். அடுத்தது துணி பவுடர், ஊதாச் சிலுவை. அடுத்தது காபித்தூள், ஊதாச் சிலுவை. வேர்களுக்கு நடுவே கையை விட்டால் கொத்தாக வருகிறது, அத்தனையிலும் சிலுவை. பக்கத்தில் குனிந்திருந்த தலைவரின் மனைவி தெலியா, "பாருங்க, சிலுவை போட்ட குப்பை! எந்தப் புண்ணியவான் வீட்டுதோ" என்று எல்லாருக்கும் காட்டிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அகப்பட்டதை எல்லாம் சட்டைக்குள்ளே திணித்தேன். கஞ்சி வாங்க வரிசையில் நின்றபோது என் வயிறு ஏழு மாதமாக இருந்தது, நடந்தால் சரசரவென்று சத்தம் வேறு.

வீட்டுக்கு வந்து மேஜைமேல் கொட்டினேன். அறுபத்தோரு பாக்கெட். ஹெர்மி வெட்கப்படுவாள், ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும் என்று வழியெல்லாம் வார்த்தை தேடிக்கொண்டு வந்தேன். அவள் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இந்தக் கம்பெனி இந்தப் பாக்கெட்டை நிறுத்தியே மூணு வருஷம் இருக்கும் துலோய். மூணு வருஷமா உப்புத்தண்ணியில கிடந்திருக்கு. என் மை கொஞ்சமாச்சும் அழிஞ்சிருக்கா பாரு!"

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை அக்கா. ஆயிரக்கணக்கானவர்கள் பிறந்ததையும் செத்ததையும் நான் எழுதி வைத்திருக்கிறேன். என் குடும்பத்தின் கையெழுத்து இந்தப் பூமியில் எதில் நிலைக்கும் என்று யாராவது கேட்டிருந்தால், அந்தப் பதிவேடுகளைத்தான் காட்டியிருப்பேன். பதிவேடுகளைக் கரையான் தின்றுகொண்டிருக்கிறது. ஷாம்பு பாக்கெட்டை எதுவும் தின்னவில்லை. மறுநாள் பூசை முடிந்து வெளியே வந்ததும் ஹெர்மியிடம், இனி நம் வீட்டில் சின்னச் சின்னதாகச் சிலவற்றை மாற்றிக்கொள்ளப்போகிறோம் என்று அறிவித்தேன். "சின்னதுன்னா எவ்வளவு சின்னது?" என்று கேட்டாள். எனக்கே அப்போது தெரியவில்லை.

முதலில் மீன். பிளாஸ்டிக் பையில் மீன் வாங்குவதில்லை என்று முடிவெடுத்து, சந்தையில் கானாங்கெளுத்தியை வாழையிலையில் சுற்றித் தரச் சொன்னேன். மீன்காரி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று பரிவோடு விசாரித்தாள். ஜீப்னி வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். இரண்டாவது நிறுத்தத்தில் பக்கத்திலிருந்த பள்ளி ஆசிரியை மெதுவாக என் பக்கம் சாய்ந்து, "சார், உங்க மீன் என் மடியில அழுவுது" என்றாள். அவள் பாவாடை வெள்ளை. இறங்குகிற வரைக்கும் மன்னிப்புக் கேட்டேன். இறங்கியதும் மூன்று பூனைகள் என்னோடு வீடு வரை வந்தன, அதில் ஒன்று இன்னும் போகவில்லை. அடுத்தது தலை. பாக்கெட் ஷாம்பு வேண்டாம் என்று கற்றாழையை அறுத்துத் தேய்த்துக்கொண்டேன். நல்ல குளிர்ச்சி. ஆனால் நான் சரியாக அலசவில்லை போலிருக்கிறது, பூசை நடுவே காய்ந்து, முடி ஒரு பக்கமாக நட்டுக்கொண்டு நின்றுவிட்டது. ஹெர்மி இரண்டு வரிசை தள்ளிப் போய் உட்கார்ந்தாள். பிறகு மின்சாரம். குளிர்பெட்டியை மத்தியானம் மூன்று மணி நேரம் அணைத்து வைத்தால் என்ன என்று ஒரு நாள் சொல்லாமல் அணைத்தேன். அவள் கடைக்கு விற்க வைத்திருந்த குச்சி ஐஸ் எல்லாம் உருகி, மறுபடி உறைந்து, ஒரே கட்டியாகிவிட்டது. சுத்தியலால் உடைத்து விற்றாள். உடைக்கிற ஒவ்வொரு அடிக்கும் என்னைப் பார்த்தாள்.

இதெல்லாம் எங்கள் வீட்டுக்குள் நடந்த கூத்து, போகட்டும். ஆனால் கடையைப் பார்க்கிற போதெல்லாம் என் வயிறு சரசரத்தது. கம்பிக்குப் பின்னால் சரம் சரமாகத் தொங்குகிறது, நாளைக்குச் சேற்றுக்குப் போகப்போவது. ஜூன் மாதம் ஒரு காலையில் வாயைத் திறந்துவிட்டேன்.

"இந்தப் பாக்கெட்டை எல்லாம் எடுத்துடலாம் ஹெர்மி."

"எடுத்துட்டு?"

"பெரிய டப்பாவா வாங்குவோம். அவங்கவங்க பாட்டில் கொண்டு வரட்டும். அளந்து குடுப்போம்."

"யாரு அளக்கிறது?"

"நாமதான்."

"நாமன்னா யாரு?"

கல்யாணமாகி இருபத்தொன்பது வருஷத்தில் இந்த வீட்டில் 'நாம' என்றால் ஹெர்மி என்றுதான் அர்த்தம். அது எனக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. அவள் இடுப்பிலிருந்து கடைச் சாவியை எடுத்து மேஜையில் வைத்தாள். "உன் சம்பளம் லேட்டா வந்த மாசமெல்லாம் இந்தப் பாக்கெட்டுதான் சோறு போட்டுது. அது ஞாபகம் இருக்கட்டும். பதினஞ்சு நாள் நீயே நடத்து. நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்" என்றாள். சொன்னபடியே ஒரு வார்த்தை பேசவில்லை. வாசலில் தூளி கட்டிப் படுத்துக்கொண்டு பெருமூச்சு மட்டும் விட்டாள். அவளுக்குப் பெருமூச்சிலேயே முழு வாக்கியம் வரும்.

நகரத்துக்குப் போய்ப் பெரிய பெரிய டப்பாக்களாக வாங்கி வந்தேன். எண்ணெய், வினிகர், பாத்திரம் கழுவும் திரவம், துணி பவுடர், ஷாம்பு. அழகான கையெழுத்தில் பெயர் எழுதி ஒட்டினேன். பசை பிளாஸ்டிக் குப்பியில் வருகிறதே என்று சோற்றைக் குழைத்து ஒட்டினேன். மூன்றாம் நாள் எறும்புகள் சோற்றையும் தின்று எழுத்தையும் கொண்டுபோயின. எனக்கு என்ன, மணத்தை வைத்துக் கண்டுபிடித்துவிட மாட்டேனா என்று இருந்தேன். எனக்கு அப்போது ஜலதோஷம். எண்ணெயும் மஞ்சள், பாத்திரம் கழுவும் திரவமும் மஞ்சள். தெலியா இரண்டு பாட்டில்களைக் கொடுத்தனுப்பியிருந்தாள். அன்றைக்குத்தான் நம் ஊர்க் கடற்கரை சுத்தமானதைப் பார்த்துப் பாராட்ட மாகாண அலுவலகத்திலிருந்து நான்கு பேர் வந்திருந்தார்கள். அவர்களுக்கு வாழைப்பழம் வறுக்க வாணலியில் ஊற்றியிருக்கிறாள். நுரை வாணலியைத் தாண்டி, அடுப்பைத் தாண்டி, தரையில் இறங்கி நடந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். முதல் ஈடு எப்படியோ வெந்துவிட்டது. விருந்தாளிகள் எதிரே மனைவியைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று தலைவர் மட்டும் ஒன்றை முழுசாகத் தின்றார். பெருந்தன்மையான மனிதர். மறுநாள் என்னிடம், "சார், பழம் நல்லாத்தான் இருந்தது. வாய்தான் இன்னமும் பளபளன்னு இருக்கு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். தெலியா சொன்னதை இந்தக் கடிதத்தில் எழுத முடியாது.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது வேறொன்று. பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற பாசிங்கை உனக்குத் தெரியாது. நீ போன பிறகு இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டவள். நாலு வீட்டுத் துணியை வாங்கிக் கையால் துவைத்துப் பிழைக்கிறாள். தினமும் விடிந்ததும் வந்து ஒரே ஒரு பாக்கெட் துணி பவுடர் வாங்குவாள். என் ஆட்சியின் முதல் நாளே வந்தாள். நான் கடலைப் பற்றி, மீன்களைப் பற்றி, வருங்காலத்தைப் பற்றி எடுத்துச் சொல்லி, "போய் ஒரு பாட்டில் எடுத்துட்டு வாம்மா" என்றேன். பொறுமையாகக் கேட்டாள். "சரிங்க சார்" என்றாள். போனவள் வரவே இல்லை. படகுத்துறைக் கடைக்குப் போய்விட்டாள், அது இன்னும் அரை மைல் நடை. ஒரு வாரத்தில் பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஆட்கள் அத்தனை பேரும் அங்கேதான். தூளியிலிருந்து பெருமூச்சு வந்தது. நான் தொப்பியை எடுத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டினேன்.

பாசிங் அடிகுழாய் பக்கத்தில் யாருடைய படுக்கை விரிப்பையோ கும்மிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். கோபமா என்று கேட்டேன்.

"ஐயோ, கோபமெல்லாம் இல்ல சார். பாட்டில் நெறைய பவுடர் வாங்கி வெச்சா எங்க வீட்டுல மூணு நாள் தங்காது. மாமியா ஒரு கை அள்ளுவா. கொழுந்தன் பொண்டாட்டி ஒரு கை. பக்கத்து வீட்டுக்காரி 'இத்தனூண்டு குடு'ன்னு வந்து கொட்டாங்கச்சி ரொம்ப எடுத்துட்டுப் போவா. மாட்டேன்னு சொல்ல முடியுங்களா, நாளைக்கு எனக்கும் அவ வேணுமே? பாக்கெட்டுன்னா நான் கிழிக்கிற வரைக்கும் அது என்னுது. அந்த வீட்டுல என்னுதுன்னு இருக்கிறது அது ஒண்ணுதான் சார்."

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, நாங்கள் வீட்டில் செய்கிற மாற்றங்களைச் சொன்னேன். மீன் இலையில் வாங்குவது, மின்விசிறி குறைப்பது, குளித்த தண்ணீரைச் செடிக்கு விடுவது. அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.

"எங்க வீட்டுல விசிறியே இல்லீங்க. துணி அலசின தண்ணியில தரை கழுவி, அதுலயே பன்னித் தொட்டியையும் கழுவிடுவேன். சோத்துப் பருக்கை ஒண்ணு வீணாப் போனது கிடையாது. இதுக்கெல்லாம் ஒரு பேரு இருக்குதுன்னு எனக்குத் தெரியாமப் போச்சு பாருங்க."

கேலி செய்தாளா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை அக்கா. நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள். கேலி செய்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"கிழிச்ச பாக்கெட்டை எங்கேம்மா போடுறீங்க?" என்று கேட்டேன்.

"எங்க போடுறது? குப்பை வண்டி தலைவர் வீட்டோட திரும்பிடுதே. பாலத்துக்கு இந்தப் பக்கம் வண்டி வந்து நீங்க என்னிக்காவது பாத்திருக்கீங்களா? நீங்கதானே சார் ஆபீஸ்ல இருந்தீங்க."

குடிசைகளுக்குப் பின்னால் ஓடை. ஓடைக்கு அப்புறம் அலையாத்தி. முப்பத்தொரு வருஷத்தில் பாலத்துக்கு அந்தப் பக்கம் பிறந்த குழந்தைகள் எல்லாரையும் நான்தான் பதிந்தேன். தகப்பன்மார்கள் பாலத்தைத் தாண்டி என் மேஜைக்கு வந்தார்கள். நான் ஒரு தரம்கூட அந்தப் பக்கம் போனதில்லை. குப்பை வண்டி போகவில்லை என்பது எனக்குத் தெரியவே இல்லை. தெரியவில்லை என்பதைவிட, நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து ஹெர்மியிடம் ஒன்று விடாமல் சொன்னேன். அவள் தூளியிலிருந்து இறங்கிக் கட்டிலுக்கு அடியில் புகுந்தாள். ஒரு கோணிப்பையை இழுத்தாள். பிறகு பரண்மேலிருந்து ஒன்று. அரிசிப் பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒன்று. அத்தனையும் காபித்தூள் வந்த கண்ணாடி ஜாடிகள், மூடியோடு. இருபத்துநாலு வருஷமாக நீ பெட்டியில் அனுப்பிய காபி. நூற்று அறுபத்தெட்டு இருந்தன. நான் வாயைப் பிளந்தேன். "உங்க அக்கா அனுப்பினது. எப்படித் தூக்கிப் போடுறது?" என்றாள். பதினைந்து நாள் கணக்கில் இன்னும் இரண்டு நாள் பாக்கி இருந்தது. சாவியை என் கையிலிருந்து எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ஒரு ஜாடியில் ஒரு நாளைக்கு வேண்டிய பவுடர், அவ்வளவுதான். காலையில் நிறைந்தது போகும், மறுநாள் காலையில் காலியானது வரும். முதல் ஜாடியை அவளே எடுத்துக்கொண்டு பாசிங் வீட்டுக்குப் போனாள். பாசிங் மூடியைத் திருகிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாளாம்: "அக்கா, இது எங்க மாமியா கைக்குத் திறக்குமா?" ஹெர்மி முழுப் பலத்தோடு இறுக்கிக் கொடுத்துவிட்டு வந்தாள். இப்போது இருபத்தேழு வீடுகளுக்கு ஜாடி போகிறது. எல்லாம் திரும்பி வருவதில்லை. சில வீடுகளில் பிள்ளைகள் அதில் சண்டைக்கு விடுகிற சிலந்தி வளர்க்கிறார்கள். தலைவர் ஒன்றில் சண்டை மீன் விட்டிருக்கிறார், வாய் விஷயத்துக்கு ஈடாக அதைக் கேட்காமல் விட்டுவிட்டேன். எண்ணெய்க்கும் வினிகருக்கும் பாட்டில் கொண்டுவரப் பழகிவிட்டார்கள், ஹெர்மி மூக்கால் அளந்து ஊற்றுகிறாள். ஷாம்பு மட்டும் பாக்கெட்டில்தான் தொங்குகிறது. அதைப் பற்றிப் பேசினேன். "தலை விஷயத்துல கை வைக்காதே" என்றாள். நான் முழு வெற்றி பெற்றேன் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

குப்பை வண்டிக்கு மனு எழுதினேன், மனு எழுதத்தான் எனக்குத் தெரியுமே. பாலம் பாரம் தாங்காது என்று பதில் வந்தது. உண்மைதான், பாலம் என்னையே முனகிக்கொண்டுதான் தாங்குகிறது. அதனால் புதனும் சனியும் நானே தள்ளுவண்டியோடு அந்தப் பக்கம் போய்ச் சாக்குகளை எடுத்து வந்து, வண்டி திரும்புகிற இடத்தில் சேர்க்கிறேன். முழங்கால் அப்படிப் போனதுதான். நீ தைலம் அனுப்பாதே.

இனிதான் விஷயத்துக்கு வருகிறேன். ஆகஸ்ட் மாதம் படகுக்காரர் இசபெலோ இறந்துபோனார். அடக்கத்துக்கு அவர் மகள் ஜோனலின் மிலானிலிருந்து வந்தாள். நீ இருக்கிற அதே கட்டடத்தில் இரண்டு மாடி கீழே இருப்பவள். மரணச் சான்றிதழ் விஷயமாக என்னைப் பார்க்க வந்தாள். விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டு, அக்கா எப்படி இருக்கிறாள் என்று பேச்சுக்குக் கேட்டேன்.

"ரெமி அத்தை நல்லா இருக்காங்க மாமா. ரூம்தான் சின்னது. கட்டில் போட்டா கதவு பாதிதான் திறக்கும். அதுல பெட்டி வேற. ஒண்ணு கிளம்பின மறு வாரமே புதுப் பெட்டி வாங்கிக் கால்மாட்டுல நிறுத்திடுவாங்க. வாரம் ஒரு சாமான், எங்க தள்ளுபடி போட்டாலும் வாங்கி உள்ள போடுவாங்க. முழங்காலை மடக்கிக்கிட்டுத்தான் தூங்குவாங்க. பெட்டி கிளம்பிப் போன அந்த வாரம் மட்டும் காலை நீட்டிப் படுப்பாங்க. 'இந்த வாரம் எனக்கு லீவு'ன்னு எங்ககிட்ட எல்லாம் சொல்லுவாங்க."

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நீயும் சிரித்துக்கொண்டேதான் சொல்லியிருப்பாய். அவள் போன பிறகு நான் வீட்டுக்குள் ஒரு சுற்று வந்தேன். அலமாரியில் பதினோரு டப்பா உப்பு மாட்டிறைச்சி, எனக்கு மருத்துவர் அதைத் தின்னக் கூடாது என்று சொல்லி நாலு வருஷமாகிறது, உன்னிடம் நான் சொல்லவில்லை. விலைச்சீட்டுக்கூடப் பிரிக்காத துவாலைகள், விருந்தாளி வந்தால் எடுக்கலாம் என்று. விருந்தாளி வந்தால் என்று நாங்கள் சொல்வது உன்னைத்தான், நீ வந்து ஆறு வருஷமாகிறது. என் காலுக்கு இரண்டு அளவு பெரிதாக ஒரு ஜோடி சப்பாத்து, பொருந்துகிறது என்று போனில் சொல்லிவிட்டேன், அதனால் அடுத்த வருஷமும் அதே அளவில் ஒரு ஜோடி வந்தது. போன வருஷம் பெட்டி திறந்ததும் முதலில் உனக்கு என்ன சொன்னேன் தெரியுமா? "முந்திரி வெச்ச சாக்லேட் இல்லையா அக்கா?" என்று கேட்டேன். எனக்கு வயது அறுபத்திரண்டு.

ஒரு பொருள் கடைசியில் எங்கே போய்ச் சேர்கிறது என்று எட்டு மாதமாகக் கவலைப்பட்டவன் நான். சேற்றில் இறங்கித் தேடியவன். அது எங்கிருந்து வருகிறது, அது வருவதற்கு யார் காலை மடக்கிக்கொண்டு தூங்கினார்கள் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. மீனை இலையில் சுற்றினால் போதும், கொஞ்சம் நல்லவனாகிவிடலாம் என்று நினைத்திருந்தேன். அதையும் விடப்போவதில்லை, ஆனால் அது போதாது அக்கா.

ஆகவே உன் தம்பியும் ஹெர்மியும் சேர்ந்து கேட்டுக்கொள்வது: இந்த வருஷம் பெட்டி வேண்டாம். வருகிற வருஷமும் வேண்டாம். கால்மாட்டில் நிற்கிற அந்த அட்டைப்பெட்டியை மடித்து யாருக்காவது கொடுத்துவிட்டு, இன்றைக்கே காலை நீட்டிப் படு. பெட்டிக்கு ஆகிறதை விமானச் சீட்டுக்கு வைத்துக்கொண்டு கிறிஸ்துமஸுக்கு நீ வா. கையை வீசிக்கொண்டு வா. வெறுங்கையோடு எப்படி ஊருக்குள் நுழைவது என்று நீ தயங்குவாய், எனக்குத் தெரியும். தெலியா கேட்பாள், படகுத்துறைக் கடைக்காரி கேட்பாள், "என்ன கொண்டாந்தே?" என்று. நான் உன் பக்கத்தில் நின்றுகொண்டு, "எங்க அக்காவைக் கொண்டாந்திருக்கா" என்று சொல்கிறேன். இதை ஹெர்மியிடம் சொன்னபோது அவள் அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "காபி மட்டும் கொண்டு வரச் சொல்லு, ஜாடி பதினாலு உடைஞ்சுபோச்சு" என்றாள். அதை நீ கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

குளிர் உன் எலும்புக்குள் இறங்காதிருக்கவும், அந்த அம்மாள் உன்மேல் கோபிக்காதிருக்கவும், குழந்தை இயேசு உன் தலைமாட்டில் நிற்கவும் வேண்டிக்கொள்கிறேன். உன் ஆசிக்காக உன் கையை எடுத்து என் நெற்றியில் வைத்துக்கொள்வதாக நினைத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அன்பைச் சுமந்தும் சுமக்க வைத்தும் பழகிய தம்பி,
தியோடுலோ

பின்குறிப்பு, அக்டோபர் 11: மேலே எழுதியதெல்லாம் ரத்து. எழுதிய தாளை வீணாக்கக் கூடாது என்பதற்காகத்தான் அனுப்புகிறேன். இன்று காலை இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்கச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருக்கும்போது வாசலில் சரக்கு வண்டி வந்து நின்றது. ஒன்றல்ல, இரண்டு பெட்டி. வழக்கத்தைவிட இரண்டு மாதம் முன்னதாக. நான் கையை உயர்த்தி, "திருப்பி எடுத்துப் போங்க, நாங்க கொள்கையை மாத்திட்டோம்" என்றேன். ஓட்டுநர் பேந்தப் பேந்த விழித்தார். அதற்குள் ஹெர்மி கையெழுத்துப் போட்டுவிட்டுக் கத்தியோடு உட்கார்ந்துவிட்டாள். முதல் பெட்டியில் முந்திரி வைத்த சாக்லேட். கொள்கை ஞாபகம் வருவதற்குள் நாலு தின்றுவிட்டேன்.

இரண்டாவது பெட்டியையும் ஹெர்மியே திறந்தாள். புதுச் சாமான் ஒன்றுகூட இல்லை. அடி கறுத்த உன் சின்னப் பாத்திரம். உன் தலையணை. காலுறைக்குள் சுற்றிய குழந்தை இயேசு சிலை. எல்லாவற்றுக்கும் அடியில் உன் கறுப்புக் கம்பளிக் கோட்டு, அதன் பையில் ஒற்றைக் கையுறையும் கசங்கிய டிராம் சீட்டும். ஹெர்மி இந்த வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு, வேர்க்க வேர்க்கத் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னும் ஒரு மாசத்துல அங்க குளிரு. இதை இங்க அனுப்பிட்டு அவ எதைப் போட்டுப்பா?" என்றாள். பிறகு, "துலோய், இது பரிசுப் பெட்டி இல்ல. இது குடித்தனம்" என்றாள்.

கேட்கப் பயமாக இருக்கிறது அக்கா, அதனால் கேட்காமலே இருக்கிறேன். நீயாகச் சொல்கிறபோது சொல். ஹெர்மி உனக்காகப் பின்னறையைக் காலி செய்கிறாள், சுவருக்கு என்ன நிறம் என்று உன்னைக் கேட்கச் சொன்னாள். கம்பளிக் கோட்டை இலோய்லோவில் என்ன செய்வது என்று எங்களுக்குத் தெரியவில்லை. இப்போதைக்கு அந்த அறைக் கதவுக்குப் பின்னால் ஒரு ஆணி அடித்து மாட்டி வைத்திருக்கிறேன்.